மங்கல் சொல்லும் தூரம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி நிறுத்தி, அதன் ரேகைகளை உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பிகள் கலங்கிப்போகும். பார்வையைக் கம்பிக்கு மாற்றினால் ரேகைகள் காணாமல் போகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் கண்முன் ஏதோ ஒன்று இப்படி மங்கித்தான் கிடக்கிறது. நாம் பொருட்படுத்தாத அந்த மங்கலை மூளை விடாமல் பயன்படுத்திக்கொள்கிறது.

தூரத்தை அறிய இரண்டு கண்கள் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி, அவை காணும் காட்சிகளில் உள்ள சிறு வேறுபாட்டை வைத்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. நாம் உற்றுப் பார்க்கும் இடத்தை ஒட்டி இந்தக் கணக்கு வெகு துல்லியம். அங்கிருந்து முன்னே பின்னே போனால் பிம்பம் இரண்டாகத் தெரிந்து கணக்கு தடுமாறும். மங்கல் கைகொடுப்பது அங்கேதான். பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வழிகளும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவதைக் காட்டியது.

மங்கிய பொருள் முன்னால் இருக்கிறதா, பின்னாலா? மங்கலின் அளவு மட்டும் இதைச் சொல்லாது. இரு பரப்புகள் சந்திக்கும் விளிம்பு சொல்லும். விளிம்பு கூர்மையாக இருந்தால் தெளிவான பரப்பு முன்னால். விளிம்பும் மங்கியிருந்தால் மங்கிய பரப்பு முன்னால்.

உயரத்திலிருந்து எடுத்த நகரப் படத்தின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்கினால், பேருந்துகள் பொம்மைகளாகத் தெரியும். அவ்வளவு மங்கல் கைக்கெட்டும் தூரத்துப் பொருட்களைப் பார்க்கும்போதுதான் வரும். அதனால் மூளை அந்த நகரத்தையே மேசைமேல் வைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, வீட்டுச் சுவரில் தாவித் திரியும் சிறு சிலந்தி. அதன் பெரிய முன்கண்களில் விழித்திரை நான்கு அடுக்கு. பச்சை ஒளியில் ஓர் அடுக்கில் பிம்பம் தெளிவாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழும்; இரை நெருங்க நெருங்க அந்த மங்கல் கூடும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சிலந்தி பாய்கிறது என்று ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். சிவப்பு ஒளி குறைவாகவே வளையும், மங்கல் அதிகமாகும். அந்த வெளிச்சத்தில் விட்டபோது, இரை பக்கத்தில் இருப்பதாக எண்ணி, சிலந்திகள் அதை எட்டாமல் முன்னாலேயே விழுந்தன.