உப்புக்காற்றும் ஓட்டோ கியரும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த டொயோட்டா கொரோல்லா 121 போன்ற ‘ஓட்டோ கியர்’ கார்கள் கல்குடா, வாழைச்சேனைப் பக்கங்களில் இருபது வயதைத் தாண்டியும் ஓடுகின்றன. இத்தகைய காரில் இழுவை குறைந்தவுடன் கியர்பொக்ஸையே இறக்கிவிடும் வழக்கம் வீண்செலவுக்கு வழி. கோளாறு அதற்கு வெளியேயும் இருக்கலாம், அதனுள் ஓடும் ஒயிலிலும் இருக்கலாம்.

இந்தக் கார்களில் டோர்க் கன்வெர்ட்டர் எனப்படும் உருண்டைக் கூட்டுக்குள் சுழலும் ஒயிலே என்ஜினின் விசையைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிறது. அதே ஒயில்தான் உள்ளிருக்கும் கிளச் தட்டுகளை அழுத்திக் கியரை மாற்றுகிறது. ஆகவே சோதனை ஒயிலில் தொடங்க வேண்டும். காரைச் சூடேற ஓட்டிச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கியரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்திப் ‘பி’யில் விட்டு, ஒயில் பார்க்கும் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்தால், தெளிந்த சிவப்பு நல்ல நிலையையும், கருகிய வாடையுள்ள கரும்பழுப்பு தட்டுகள் எரிவதையும், பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு நீர் புகுந்ததையும் காட்டும்.

கல்குடாவில் அஞ்ச வேண்டியது இந்த மூன்றாம் நிறத்துக்குத்தான். வடகீழ்ப் பருவமழை வெள்ளத்தில் கியர்பொக்ஸின் காற்றுத்துளை அமிழ்ந்தால், சூடான பெட்டி குளிர்ந்து உட்காற்று சுருங்கும்போது நீரை உள்ளே இழுத்துவிடும். பல கார்களில் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், அது துருவேறி ஓட்டை விழுந்தாலும் இதே கதைதான். தட்டுகளின் உராய்வுப் படலத்தை ஒட்டிவைத்திருக்கும் பசையை நீர் இளக்கிவிடுமாதலால், அந்தக் காரைக் கராஜ் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று நினைப்பதே தவறு. முன் சக்கரங்களைத் தூக்கி இழுத்துச் செல்வதே முறை.

கியர்பொக்ஸின் மேல் பழி விழும் கோளாறுகளும் உண்டு. முன் சக்கர அச்சுகளின் முனையிலுள்ள சி.வி. ஜொயின்ட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்து, பாசிக்குடா மணலும் உப்பு ஈரமும் கிரீஸில் கலந்தால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்ற ஒலி எழும். ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. ‘ஆர்’, ‘டி’ மாற்றுகையில் மட்டும் ஒரு குத்து விழுமானால் முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் மவுண்ட்டின் ரப்பர்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், என்ஜின் இரைகிற அளவுக்கு வேகம் எழாவிட்டால் ஸ்கேனர் உதவும். பி0741 என்ற எண் டோர்க் கன்வெர்ட்டரின் லொக்அப் கிளச் சரியாக இயங்காததையும், பி0750 முதலானவை ஒயிலின் வழியைத் திறந்து மூடும் மின்வால்வாகிய சொலினொயிட்டின் கோளாற்றையும் சுட்டுகின்றன. ஆனால் அதன் வயர் பிளக்கின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறினாலும் சொலினொயிட் எண்கள் வரக்கூடும். கடற்காற்று வீசும் ஊரில் பாகம் வாங்குமுன் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது செலவில்லாத வேலை.

எல்லாம் பார்த்தபின், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் கியர்பொக்ஸ் கொண்டுவந்து பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஒயிலைக் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். பழைய பெட்டியின் இரும்புத்தூள் அங்கே தங்கியிருந்தால், புதிதாகப் பூட்டியதையும் அதுவே தின்றுவிடும்.