எண்களில் எழுதிய கடல்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில் அரிச்சல்முனை என்னும் மணல்முனை உள்ளது. அங்குக் கடலை நோக்கி நிற்பவனுக்கு இடப்புறம் பாக்கு விரிகுடாவும் வலப்புறம் மன்னார் வளைகுடாவும் தோன்றும். எதிரே, இலங்கையின் தலைமன்னார் வரையில், ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டுத்தொடர் ஒன்று கிடக்கிறது. ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் வழங்குவது இதுவே. அதில் சில மணல்திட்டுகள் மட்டுமே நீருக்கு மேல் தலை காட்டும். எஞ்சியவை கடலுக்குள் மறைந்துள்ளன. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. அலையும் காற்றும் இங்கு மணலை ஓரிடத்தில் நிலைக்க விடுவதில்லை. நீரின் நிறத்தைக் கண்டே ஆழம் அறிந்து படகு செலுத்தும் வலைஞர்கள் இதனை நன்கு அறிவர்.

ஆழம் குறைந்த இந்நீரில் பெரிய ஆய்வுக் கப்பல்கள் செல்ல இயலா. ஆதலின் திட்டுத்தொடரின் கடலடி வடிவத்தை அறியும் முயற்சி வானத்திலிருந்து தொடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேசியத் தொலையுணர்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-ஆம் ஆண்டில் இதன் விரிவான படத்தை வெளியிட்டனர். அமெரிக்க நாட்டின் ஐஸ்சாட்-2 என்னும் செயற்கைக்கோள், 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரையில் திரட்டிய அளவைகளே அதற்கு அடிப்படை. அக்கோள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்குப் பதினாயிரம் முறை பச்சை நிற லேசர் ஒளியைப் பூமியின்மீது செலுத்துகிறது. அவ்வொளியின் துகள்களுள் சில நீர்ப்பரப்பில் பட்டு மீளும்; சில நீரை ஊடுருவிச் சென்று கடலின் தரையைத் தொட்டு மீளும். இவ்விரண்டும் திரும்பும் காலத்தின் வேறுபாட்டைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். நீருக்குள் ஒளியின் வேகம், காற்றில் அது செல்லும் வேகத்தில் முக்கால் பங்கே ஆதலின், அதற்கும் ஈடு செய்து கணக்கிடவேண்டும். இவ்வாறு பத்து மீட்டர் நுட்பத்தில் வரையப்பட்ட படத்தால், திட்டுத்தொடரின் 99.98 விழுக்காடு நீருள் ஆழ்ந்திருப்பது புலனாயிற்று. இரு கடல்களையும் இணைக்கும் பதினொரு குறுகிய நீர்வழிகளும் அதில் தெரிந்தன. அவற்றின் ஆழம் இரண்டு முதல் மூன்று மீட்டர் வரையே ஆகும்.

இத்தகைய படம் ஒன்று கணிப்பொறியில் எவ்வாறு தங்கியிருக்கிறது? அங்கே நிறமும் இல்லை, கோடும் இல்லை. பத்து மீட்டர் சதுரமான ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண் அவ்விடத்தின் ஆழத்தைக் கூறும். எல்லா எண்களும் பைட்டு எனப்படும் சிறு அலகுகளாக, நூலில் கோத்த மணிகளைப்போல் ஒரே வரிசையில் கோப்பினுள் அமைந்திருக்கும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையில் உள்ள எண்களுள் ஒன்றை எழுதலாம். பன்னிரண்டு மணிகளை ஒருவர் கையில் கொடுத்தால், அவர் அவற்றை நான்கு நான்காக மூன்று வரிசையிலும் அடுக்கலாம்; ஆறு ஆறாக இரண்டு வரிசையிலும் அடுக்கலாம். எவ்வாறு அடுக்கவேண்டும் என்பதை மணிகள் தாமே சொல்லமாட்டா. ஆகவே படக்கோப்பில் எண்கள் இருந்தால் மட்டும் போதாது. அவ்வெண்களைப் பற்றிய விவரமும் உடன் இருத்தல்வேண்டும்.

அவ்விவரத்தைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் கருவிகளுள் சிறந்தது சி என்னும் நிரல்மொழியில் உள்ள கட்டமைப்பு ஆகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை ஆக்கினார். அதில் ஸ்ட்ரக்ட் என்னும் சொல்லை இட்டுக் கட்டமைப்பு ஒன்றை வரையறுப்பர். அஞ்சலகத்தில் தரப்படும் மணியார்டர் படிவத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பெறுவோர் பெயருக்கு ஓரிடம், முகவரிக்கு ஓரிடம், தொகைக்கு ஓரிடம் என அப்படிவத்தில் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். படக் கட்டமைப்பிலும் அகலத்திற்கு ஓரிடம், உயரத்திற்கு ஓரிடம், ஓர் எண்ணுக்கு எத்தனை பிட்டுகள் என்பதற்கு ஓரிடம், அவ்வெண் எவ்வகையைச் சேர்ந்தது என்பதற்கு ஓரிடம் என வகுத்து, ஒவ்வொன்றிற்கும் பெயரும் அளவும் சூட்டுவர். படத்தைத் திறந்து படிக்கும் நிரல்களின் தொகுதி ‘நிரல் நூலகம்’ எனப்படும். அதனை எழுதுவோரின் முதல் வேலை இப்படிவத்தை வரையறுப்பதே.

நிலப்படங்களைச் சேமிக்கப் பெரிதும் பயன்படும் ‘டிஃப்’ என்னும் கோப்பு முறையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இதனை ஆல்டஸ் என்னும் நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் உருவாக்கியது. 1988-இல் சாம் லெஃப்லர் என்பவர் இதற்கென ஒரு நிரல் நூலகத்தைச் சி மொழியில் எழுதி எல்லோருக்கும் வழங்கினார். டிஃப் கோப்பின் தலைப்பகுதி எட்டே பைட்டுகள். முதல் இரண்டு, எண்களை எழுதிய முறையைச் சொல்லும். அடுத்த இரண்டில் 42 என்னும் எண் இருக்கும். அது கோப்பு இன்னது என்பதற்கு அடையாளம். அதற்கு வேறு பொருள் தேடவேண்டா. கடைசி நான்கு பைட்டுகள், விவரப் பட்டியல் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும்.

அப்பட்டியல் அமைந்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அகலம், உயரம் என்று மாறாத வரிசையில் எழுதாமல், ஒவ்வொரு விவரத்தையும் பன்னிரண்டு பைட்டுகள் கொண்ட ஒரு சீட்டாக எழுதினர். சீட்டின் முதல் இரண்டு பைட்டுகளில் விவரத்தின் குறியெண் இருக்கும். அடுத்த இரண்டில் அதன் வகையும், அதற்கடுத்த நான்கில் எத்தனை எண்கள் என்பதும் இருக்கும். எஞ்சிய நான்கில் மதிப்போ, மதிப்பு உள்ள இடமோ எழுதப்படும். 256 என்னும் குறியெண் உள்ள சீட்டு அகலத்தைக் கூறும். 257 உயரத்தைக் கூறும். தான் அறியாத குறியெண் ஒன்றைக் கண்டால் நிரல் அச்சீட்டைத் தாண்டிச் செல்லலாம். இதனால், முறையை வகுத்தவர்கள் எண்ணியும் பாராத புதிய விவரங்களைப் பிற்காலத்தார் சேர்க்க முடிந்தது. படத்தின் மூலை பூமியில் எந்த இடத்தில் உள்ளது, ஒரு கட்டம் தரையில் எத்தனை மீட்டர் என்னும் செய்திகள் இவ்வாறு பின்னர் வந்து சேர்ந்தவையே.

இனி, கட்டமைப்பில் பிழை நேர்ந்தால் விளைவது யாது என்பதைப் பார்க்கலாம். 2,900 கட்டங்கள் அகலமுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோர், அவ்வெண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதுவர். 2,900 என்பது பதினொரு 256-களும் மிச்சம் 84-உம் ஆகும். சில கணிப்பொறிகள் பதினொன்றை முன்னும் எண்பத்து நான்கைப் பின்னும் எழுதும்; வேறு சில இதனை மாற்றி எழுதும். ஒரு நாட்டார் திங்களை முன்னும் நாளைப் பின்னும் எழுத, மற்றொரு நாட்டார் மாற்றி எழுதுவதைப் போன்றதே இது. முறையறியாத நிரல் இவ்வெண்ணை 21,515 என்று படித்துவிடும். கட்டம் ஒன்றுக்குப் பத்து மீட்டர் ஆதலின், 29 கிலோமீட்டர் அகலமான கடல் 215 கிலோமீட்டராக நீண்டுவிடும்! தலைப்பகுதியின் முதல் இரண்டு பைட்டுகள் இத்தீங்கைத் தடுக்கவே இடப்பட்டன.

எழுதியவனே அறியாமல் புகும் பிழை ஒன்றும் உண்டு. நான்கு பைட்டு எண் ஒன்று, நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்குவதையே பெரும்பாலான கணிப்பொறிகள் விரும்பும். ஒரு கட்டமைப்பில் இரண்டு பைட்டு எண்ணை அடுத்து நான்கு பைட்டு எண்ணை வைத்தால், கம்பைலர் இடையில் இரண்டு பைட்டுகளை வெறுமையாக விட்டுவிடும். ஆறு பைட்டுகள் என்று எண்ணியது எட்டாகிவிடும். கோப்பிலோ அத்தகைய வெற்றிடம் இல்லை. டிஃப் பட்டியலின் தொடக்கத்தில் சீட்டுகள் எத்தனை என்னும் எண் இரண்டே பைட்டுகளில் உள்ளது; அதனையும் சீட்டுகளையும் ஒரே கட்டமைப்பாக எழுதி, கோப்பை அப்படியே அதில் ஊற்றினால், முதல் சீட்டு முதற்கொண்டு எல்லாம் இரண்டு பைட்டுகள் தள்ளிப்போகும். கம்பைலர் இதனைப் பிழை என்று சொல்லாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் கோப்பில் உள்ளதை ஒவ்வொரு பைட்டாகப் படித்து, பிறகு தமக்கு ஏற்ற வேறொரு கட்டமைப்பில் நிரப்பிக்கொள்வர். லெஃப்லரின் நூலகமும் தன் உட்கட்டமைப்பைப் பயன்படுத்துவோர் கண்ணுக்குக் காட்டுவதில்லை. கேட்ட விவரத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும். உள்ளே எதனை மாற்றினாலும் வெளியில் உள்ள நிரல்கள் கெடாமல் இருப்பதற்கு இதுவே வழி.

ஆனால் ஆதம் பாலத்தைப் பொறுத்தவரையில் இவற்றினும் பெரிய இடர் வேறொன்று. நிழற்படத்தில் உள்ள எண்கள் ஒளியின் அளவைக் குறிப்பதால் அவை சுழிக்குக் கீழே செல்வதில்லை. கடலடிப் படத்திலோ, கடல்மட்டத்தைச் சுழியாகக் கொண்டால், நீருள் ஆழ்ந்த இடங்கள் எல்லாம் குறை எண்களாகவே இருக்கும். மூன்று மீட்டர் ஆழம் என்பது குறை மூன்று. அதனைப் பதினாறு பிட்டுகளில் எழுதி, குறை எண்ணை ஏற்காத வகையாகப் படித்தால், 65,533 என்னும் எண் கிடைக்கும். அது எவரெஸ்டு சிகரத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட உயரமன்றோ! படகு நுழையும் நீர்வழி, வானளாவிய மலையாகிவிடும். பிட்டுகள் இரண்டு வகையிலும் ஒன்றே. வேறுபாடு படிவத்தில்தான் உள்ளது. எண்ணின் வகையைக் கூற டிஃப் முறையில் 339 என்னும் குறியெண்ணுடன் ஒரு சீட்டு உண்டு. அது 1992-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் விளக்கப்பட்டுள்ளது. அதனைப் படிக்க மறந்த நிரல், வண்ணப்படத்தை அழகாகக் காட்டும்; கடலைத் தவறாகக் காட்டும்.

அறிந்ததற்கும் அறியாததற்கும் உள்ள வேற்றுமையையும் கட்டமைப்பு காக்கவேண்டும். கலங்கிய நீரிலிருந்து லேசர் ஒளி மீளாமற்போகலாம். அத்தகைய கட்டத்தில் என்ன எழுதுவது? சுழி என்று எழுதினால், அங்கே கடலும் தரையும் ஒரே மட்டம் என்று பொருள்படும். ஆதலால், எங்கும் நேராத ஓர் எண்ணை, பெரும்பாலும் குறை 9,999-ஐ, ‘இவ்விடம் அளக்கப்படவில்லை’ என்பதற்குக் குறியாக வைப்பர். அந்தக் குறியைப் படிவத்தில் தெரிவிக்கத் தவறினால், ஆழமற்ற திட்டுகளின் நடுவே பத்துக் கிலோமீட்டர் ஆழக் கிணறுகள் தோன்றும். நல்ல வேளையாக அப்பிழை கண்ணுக்கு உடனே தெரியும். சுழி இட்ட பிழை தெரியவே தெரியாது; அதுவே கொடியது.

வரிசைகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதும் அற்பமான செய்தி அன்று. டிஃப் கோப்புகள் வழக்கமாக மேல்வரிசையை முதலில் எழுதும்; பி.எம்.பி. என்னும் கோப்புகள் பெரும்பாலும் கீழ்வரிசையை முதலில் எழுதும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் வடக்கே உள்ள பாக்கு விரிகுடா தெற்கே வந்துவிடும். மன்னார் வளைகுடா வடக்கே போய்விடும்.

இக்கடற்கரையில் இத்தகைய துல்லியம் வெறும் கணக்கு விளையாட்டன்று. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பட்டிருந்தன. 1986-ஆம் ஆண்டில் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே அதற்கு முதன்மையான காரணம் என்பர். எஞ்சிய தீவுகளின் பரப்பு குறைகிறதா என்று அறிய, பழைய செயற்கைக்கோள் படங்களைப் புதியவற்றோடு ஒப்பிடுகின்றனர். 1988 மார்ச்சு 17-ஆம் நாள் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் ஒளியின் அளவை ஏழு பிட்டுகளில், அதாவது 0 முதல் 127 வரையில், பதிந்தது. 2011-இல் ஏவப்பட்ட ரிசோர்சுசாட்-2 பத்துப் பிட்டுகளில், 0 முதல் 1,023 வரையில் பதிந்தது. முன்னதில் 127 என்பது மிகுந்த வெண்மை. பின்னதில் அதே எண் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஒளியே. இரு கோப்புகளையும் திறக்கும் நிரல் முதலில் பிட்டுகளின் எண்ணிக்கை எழுதிய சீட்டைப் படிக்கிறது. அதன் பின்னரே எது மணல், எது நீர் என்று பிரிக்கத் தொடங்குகிறது.