கதையில் வருவது நானா?

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நான் கண்ட காட்சி இது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்த தாயின் முழங்கையை இழுத்து, "அம்மா, இவ என்னை மாதிரியேதாம்மா இருக்கா! இவளுக்கும் தயிர்சாதம் பிடிக்காதாம்!" என்றாள். நூலகம் என்பதையே மறந்துவிட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தயிர்சாதம் பிடிக்காத பெண் அச்சுத்தாளில்தான் இருக்கிறாள். அவளுக்கு உயிர் கிடையாது. இருந்தும் அவளைக் கண்டதும் இந்தச் சிறுமிக்கு ஏன் அத்தனை மகிழ்ச்சி? உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும். கணக்கில் தோற்பவன், கண்ணாடி அணிந்தவள், எல்லோருக்கும் இளைய தம்பி என்று யாரோ ஒருவரைக் கதையில் சந்தித்து, "இது நான்தான்" என்று நினைத்திருப்பீர்கள். இதைக் கதாபாத்திரத்தோடு ஒன்றிப்போதல் என்கிறோம். இதில் மூளைக்கு என்ன வேலை என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. செலவில்லாதது, ஒரு நண்பரும் ஒரு காகிதமும் போதும். குணங்களைக் குறிக்கும் முப்பது சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: பொறுமைசாலி, சோம்பேறி, துணிந்தவர், கூச்சமுள்ளவர் என்பவை போல. ஒவ்வொரு சொல்லையும் வாசித்து நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். முதல் பத்துச் சொற்களுக்கு, "இதில் நான்கு எழுத்துகளுக்கு மேல் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அடுத்த பத்துக்கு, "இதே பொருளில் வேறு சொல் உண்டா?" கடைசிப் பத்துக்கு, "இது உனக்குப் பொருந்துமா?" மூன்று வகையையும் கலந்து கேட்டால் இன்னும் நல்லது. எல்லாம் முடிந்தபின், முன்கூட்டிச் சொல்லாமல், "நினைவில் உள்ள சொற்களையெல்லாம் எழுது" என்று காகிதத்தை நீட்டுங்கள்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர்ஸ், கைப்பர், கிர்க்கர் ஆகிய மூவரும் 1977-ஆம் ஆண்டில் ஏறக்குறைய இதையேதான் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை 40 சொற்கள். கேள்விகள் நான்கு வகை. "இது உங்களுக்குப் பொருந்துமா?" என்று கேட்கப்பட்ட சொற்களே மற்றவற்றைவிட அதிகமாக நினைவில் நின்றன. அதன்பிறகு பல நாடுகளில் பலர் செய்து பார்த்தும் பெரும்பாலும் இதே விடைதான் வந்தது.

காரணம் என்ன? சுவரில் சட்டையை மாட்ட ஆணி வேண்டும். ஆணி இல்லாத சுவரில் எவ்வளவு நல்ல சட்டையும் வழுக்கிக் கீழேதான் விழும். நினைவும் அப்படித்தான். புதிதாக வரும் செய்தி, முன்பே உள்ள ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டால் நிற்கும். நமக்கு மிக நன்றாகத் தெரிந்த பொருள் எது? நாமேதான். நம்மைப் பற்றி நாம் சேர்த்து வைத்திருக்கும் நினைவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தச் சுவர் முழுக்க ஆணிகள்! "கூச்சமுள்ளவர்" என்ற சொல்லைக் கேட்டதும், விருந்தாளி வந்தபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட நாள் நினைவுக்கு வருகிறது. சொல் அங்கே மாட்டிக்கொள்கிறது.

'நான்' என்பதற்கு மூளை கொடுக்கும் சலுகை இதோடு நிற்கவில்லை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் சிக்கியிருக்கிறீர்களா? பாத்திரக்கடைச் சத்தம், ஒலிபெருக்கி, பேரம் பேசுகிறவர்கள் என்று எதுவும் தனியாகக் காதில் ஏறாது. ஆனால் யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புவீர்கள். 1959-இல் மோரே என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார். ஒருவரின் ஒரு காதில் ஒரு பேச்சையும் மறு காதில் வேறொரு பேச்சையும் ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனிக்கும்படி சொன்னார். கவனிக்காத காதில் ஒலித்தவற்றில் ஏறக்குறைய எதுவுமே அவர்களுக்குப் பதியவில்லை. சொந்தப் பெயரை மட்டும் மூவரில் ஒருவர் கண்டுகொண்டார். (மற்ற இருவர் தவறவிட்டார்கள். கூட்டத்தில் நண்பன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இனிக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சிறுவனின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் பகுதிகளைச் சிலர் படித்தார்கள். படிக்கும்போதே அவர்களுடைய மூளை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுக்கப்பட்டது. கதையில் அந்தப் பையன் ஒரு பொருளைக் கையால் பிடிக்கும் இடம் வந்ததும், படிப்பவர் மூளையில் கையின் இயக்கத்தோடு தொடர்புள்ள பகுதியில் செயல் கூடியது. பையன் ஓரிடத்திலிருந்து வேறிடம் போனால், இடத்தை உணரும் பகுதி செயல்பட்டது. ஆக, படிப்பவர் கதாபாத்திரத்தின் செயலை மனத்துக்குள் ஓரளவு நடித்துப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது.

அப்படியானால், "இவன் நான்தான்" என்று தோன்றும்போது? ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 19 பேரை அவர்கள் அழைத்தார்கள். கருவிக்குள் படுத்தபடி, தங்களைப் பற்றியும், நண்பர்கள் ஒன்பது பேரைப் பற்றியும், தொடரின் பாத்திரங்கள் ஒன்பது பேரைப் பற்றியும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் நடுவே சற்றுத் தாழ்வாக ஓர் இடம் உண்டு. நம்மைப் பற்றி நாம் நினைக்கும்போது அது அதிகம் செயல்படும். கதாபாத்திரங்களோடு எளிதில் ஒன்றிப்போகும் இயல்புடையவர்களிடம், பாத்திரத்தை நினைக்கும்போது அங்கே தோன்றிய செயல், தம்மையே நினைக்கும்போது தோன்றியதை ஒத்திருந்தது. அவர்கள் மிக நெருக்கமாக உணர்ந்த பாத்திரத்துக்கு இந்த ஒற்றுமை இன்னும் கூடியது. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். மேலும் இந்தக் கருவி காட்டுவது இரத்த ஓட்ட மாற்றத்தை, எண்ணத்தை அல்ல. ஆனாலும் 'அவள் நான்தான்' என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல என்று நினைக்க இடமிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒன்றிப்போக வேண்டுமானால் பாத்திரம் நம்மைப் போலவே இருந்தாக வேண்டுமா? கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது அதற்காகக் காத்திருந்த குடும்பங்கள் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எத்தனையோ! வந்தியத்தேவன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குதிரை வீரன். மாட வீதியில் மிதிவண்டி ஓட்டும் பையனுக்கும் அவனுக்கும் என்ன ஒற்றுமை? ஆனால் கல்கி செய்ததைக் கவனியுங்கள். கதை வீராணம் ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில், அவன் கண் வழியாகத் தொடங்குகிறது. அவன் சோழ நாட்டுக்குப் புதியவன், நாமும் புதியவர்கள். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவன் ஒளிந்திருந்து கேட்கும்போது நாமும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். முகமோ உடையோ இங்கே பொருட்டில்லை. நிற்கும் இடம் ஒன்றாக இருப்பதே போதுமானதாகிறது. பிள்ளைகளுக்கு அருள்மொழி, பூங்குழலி என்று பெயர் வைத்த வாசகர்கள் உண்டு. உங்கள் வகுப்பிலேயே யாராவது இருக்கலாம்.

இந்த இரண்டையும், அதாவது ஒற்றுமையையும் நிற்கும் இடத்தையும், சேர்த்துச் சோதித்தவர்கள் காஃப்மன், லிபி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள். ஆண்டு 2012. தேர்தல் நாளில் பல தடைகளைத் தாண்டி ஓட்டுப் போடப் போகும் ஒரு மாணவனின் கதையைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். 'நான் போனேன், நான் பார்த்தேன்' என்று கதை சொல்பவன் தங்கள் பல்கலைக்கழகத்து மாணவன் என்று படித்தவர்களில் நூற்றுக்கு 65 பேர் பிறகு உண்மையிலேயே ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். அவன் வேறு பல்கலைக்கழகத்தான் என்று படித்தவர்களில் 29 பேர்தான்! ஒரு பெயர் மாறியதற்கு இத்தனை வேறுபாடு. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சிலரைக் கண்ணாடி மாட்டிய சிற்றறையில் உட்காரவைத்துக் கதை படிக்கச் சொன்னார்கள். தம் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தவர்கள் கதாபாத்திரத்தோடு குறைவாகவே ஒன்றினார்கள். நம்மைச் சிறிது மறந்தால்தான் இன்னொருவருக்குள் போக முடியும் போலும்.

இதுவரை வாசித்தவற்றில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'நான்' என்ற ஆணி அவ்வளவு வலுவானது என்றால், தன்னைப் போன்ற யாரையுமே புத்தகத்தில் காணாத குழந்தையின் நிலை என்ன?

1960-களில் நியூயார்க் நகர மழலையர் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி படப்புத்தகத்தைப் பார்த்து, இதில் ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளே இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். படத்திலோ எழுத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது வந்த புத்தகங்கள் 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அவற்றிலும் பாதிக்கு மேற்பட்டவை வெளிநாட்டிலோ பழங்காலத்திலோ நடக்கும் கதைகள். அந்தக் கட்டுரை 1965-இல் வெளிவந்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று.

நம் ஊரில்? எங்கள் தலைமுறை ஆங்கிலக் கதைகளில் பனிப்பொழிவையும் கணப்பு அடுப்பையும் படித்தே வளர்ந்தது. சித்திரை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட, புகைபோக்கி வைத்த வீட்டை நான் எத்தனை முறை வரைந்திருப்பேன்! மயிலாப்பூரில் புகைபோக்கி வைத்த வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 1935-இல் ஆர்.கே. நாராயணின் முதல் நாவலில் வந்த சுவாமிநாதன் என்ற பையன், திங்கட்கிழமையை வெறுத்து, கணக்குக்குப் பயந்து, கிரிக்கெட்டுக்கு உயிரை விட்டான். ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுக்கு அவன் பக்கத்து வீட்டுப் பையனாகவே தெரிந்தான். நாராயண் பிறந்து வளர்ந்தது சென்னைப் புரசைவாக்கத்தில் அல்லவா!

ஆனால் சுவாமியிடம்கூடத் தன்னைக் காண முடியாத பிள்ளைகள் சென்னைக்கு மிக அருகிலேயே இருக்கிறார்கள். செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் குழந்தைகளைச் சொல்கிறேன். பாம்பு பிடிப்பது இருளரின் பரம்பரைத் திறமை. தோலுக்காகப் பாம்பு விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் தடைப்பட்டது. 1978-இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், 2000-ஆம் ஆண்டில் ஒரு படக்கதை வெளியிட்டது. எழுதியவர் ஜாய் விட்டேக்கர். காளி என்ற இருளர் சிறுவன் பள்ளிக்குப் போகிறான். மற்றவர்களின் அப்பாக்கள் பாம்பு பிடிப்பதில்லை. மற்றவர்களுக்கு வறுத்த ஈசல் தின்னவும் பிடிப்பதில்லை. காளி கூசிப்போய் ஒதுங்கி உட்காருகிறான். ஒரு நாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு ஒன்று வந்துவிடுகிறது. அதன்பின் யார் கதாநாயகன் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாரை நஞ்சில்லாத பாம்பு என்பது காளிக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியாது!

இந்தப் புத்தகம் இருளர் சிறுவன் கையில் ஒரு கண்ணாடி; அடையாற்றுச் சிறுமி கையில் ஒரு ஜன்னல். இந்த உவமை என்னுடையதல்ல. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-இல் சொன்னது. ஜன்னலுக்கும் பலன் உண்டு. இத்தாலியில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஹாரி பாட்டர் கதைகளில் ஒதுக்கப்படுவோர் பற்றிய பகுதிகளைப் படித்து விவாதித்தார்கள். ஹாரியோடு ஒன்றிய பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களைப் பற்றி முன்பைவிட நல்லெண்ணம் காட்டினார்கள் என்று 2015-இல் வந்த ஆய்வு கூறுகிறது.

லாரிக் செய்த கணக்கை நீங்களும் செய்து பார்க்கலாம். பள்ளி நூலகத்தில் ஏதாவது ஓர் அலமாரியிலிருந்து இருபது கதைப் புத்தகங்களை வரிசையாக எடுங்கள். பொறுக்கி எடுக்கக்கூடாது; அப்படி எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஒவ்வொன்றிலும் முக்கிய பாத்திரம் ஆணா பெண்ணா, ஊரா நகரமா, வீட்டில் என்ன தொழில் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் வகுப்புத் தோழர்களுக்கும் அதே கட்டத்தை நிரப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிங்கமும் முயலும் கதாநாயகர்களாக வந்தால் அவற்றுக்குத் தனி வரிசை போட்டுவிடுங்கள். அவை நிறைய வரும்.