பின்பக்கத்து இழுகம்பி

தோள் மூட்டுத் தேய்மானத்துக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தேய்ந்தது எலும்புதானே? பிறகு ஸ்கேனில் எதற்குத் தசையைப் பார்க்கிறார்கள்?"

தோள் கிண்ணம் என்பது பெயரளவில்தான் கிண்ணம். ஆழத்தில் அது காப்பி சாசர். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஒரே நேரத்தில் அதில் பொருந்தாது. உருண்டையை வழுக்காமல் பிடித்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ், நான்கிலும் பெரியது. பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டீரஸ் மைனரும். மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிந்து கிழிந்தே பேர் வாங்கியது. இந்தக் கதையில் அதற்குச் சின்ன வேடம்.

தூர்தர்ஷன் காலத்தில் கட்டுரையாளர் வீட்டு மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா கம்பம் நின்றது. பின்பக்கத்து இழுகம்பி தொய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. உச்சி முன்னால் சாய, அடி பின்னால் நெம்பி, சிமென்ட் குழியின் பின்விளிம்பைத் தின்றது. வட்டக் குழி முட்டை வடிவமானது.

தோளிலும் இப்படி ஒரு குழி உண்டு. பிரான்சின் ஜில் வால்ஷ் குழுவினர் தேய்ந்த தோள்களின் சி.டி. படங்களைப் பார்த்து 1999இல் வகை பிரித்தார்கள். அதில் 'பி2' விசித்திரமானது: பழைய குழி பாதி மிச்சம், அதன் பின்னால் உருண்டை தானே தோண்டிக்கொண்ட புதுக் குழி, நடுவே ஒரு வரப்பு. பின்பக்கம் தேய்ந்த தோள்களில் பின்தசைகளில் கொழுப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தசை தளர்ந்து குழி தேய்ந்ததா, குழி தேய்ந்து தசை தளர்ந்ததா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

தசைக்குள் புகுந்த கொழுப்பு பொல்லாதது. 1994இல் கூத்தாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சைபரிலிருந்து நாலு வரை தரம் பிரித்தார். நாலில் தசையைவிடக் கொழுப்பே அதிகம். அறுந்த தசைநாணைத் தைத்தாலும் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வடிவதில்லை. எக்ஸ்ரேயில் இதெல்லாம் தெரியாது. நாமோ வலிக்கும் தோளுக்குத் தைலம் தேய்த்து, கையை மடியில் போட்டு வைக்கிறோம். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் கண்ணாடியில் தெரியும் நெஞ்சை வளர்க்கிறார்கள்; முதுகுப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்!

அறுவை சிகிச்சை வரை போனால் இந்தத் தசைக் கணக்குதான் மூட்டைத் தேர்ந்தெடுக்கிறது. வழக்கமான செயற்கை மூட்டுக்கு நல்ல தசைகள் தேவை. அவை கைவிட்ட தோளுக்காக மருத்துவர் போல் கிராமோன் 1985இல் தலைகீழ் மூட்டைக் கொண்டுவந்தார்: உருண்டை தோள்பட்டை எலும்பில், குழி கையில். தோளின் மேல் போர்த்திய டெல்டாய்டு தசையே கையைத் தூக்கிவிடும். ஆனால் தூக்கிய கையை வெளிப்பக்கம் திருப்பித் தலைவார, அப்போதும் அந்தச் சின்ன டீரஸ் மைனர் வேண்டியிருக்கிறது.