மாற்றுத்திறன் குழந்தைகளும் உள்ளடங்கிய கலைச்செயல்பாடுகளும்: உத்திரமேரூர் வட்டாரச் சூழலை முன்வைத்து

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பண்பாட்டு வாழ்வில் பிறருக்கு நிகராகப் பங்கேற்பதை அதன் 29ஆம் பிரிவு உரிமையாக்குகிறது. கலைப்பாடங்களை அவர்கள் பங்கேற்கும் வகையில் மறுவடிவமைப்பதும் அதில் அடங்கும். ஆகவே மாற வேண்டியது செயல்பாடே, குழந்தை அன்று.

உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்ச் சிறப்பாசிரியர் வீட்டிற்கே சென்று கற்பிக்கிறார். கல்வி வீடு தேடி வரினும், உடன் ஆடிப்பாடும் தோழமை தானாக வந்துவிடுவதில்லை.

இவ்விடைவெளியைக் குறைக்கும் கலைகள் குழந்தையின் அருகிலேயே உள்ளன. தரையில் இடும் கோலத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தை மேசைமேல் வைத்த பலகையில் இடலாம். பார்வையற்ற குழந்தை புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாகத் தொட்டறிந்து கோலத்தைத் தொடரலாம். இப்பகுதியில் வழங்கும் தெருக்கூத்தின் தாளத்தைச் செவித்திறன் குறைந்த குழந்தை மத்தளக் கட்டைமீது கைவைத்து அதிர்வாக உணரலாம்.

இவற்றில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் உதவியாளராக மட்டும் நில்லாமல் உடன்கலைஞராகவும் அமர்தல் வேண்டும். குழந்தையின் திறன் வளர்ச்சியோடு, அது யார் யாரோடு சேர்ந்து பங்கேற்றது என்பதையும் மதிப்பீடு பதிவு செய்யும்போதே, பயிற்சியாக மட்டும் கருதப்பட்ட கலை சட்டம் கூறும் உரிமையாக நிறைவு பெறும்.