திண்ணையிலிருந்து இணையத்திற்கு: கோரையும் நாரும் விற்கும் குடும்ப வாணிபம்

பிளாஸ்டிக் பாய் வந்து கோரைப் பாயை வீட்டைவிட்டு வெளியேற்றிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கின்றனர். பாத்திரம் துலக்கத் தென்னை நாரும், பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டையும் இருந்த இடத்தைச் செயற்கைப் பொருள்கள் பிடித்துக்கொண்டதும் அப்படித்தான். காற்று இப்போது சற்றே திசை மாறி வீசுகின்றது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. பாட்டிமார் அறிந்திருந்த பொருள்களை நகரத்துப் பேத்திமார் கைப்பேசியில் தேடி வாங்குகின்றனர்.

இந்த வாய்ப்பு நமக்கு அந்நியமானது அன்று. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையோரக் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, சன்னமாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாகக் கொண்டு நெய்யும் பாய், பட்டுத் துணியைப் போல் மடிக்கத்தக்க மென்மை பெறுகின்றது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் அவ்வூரின் தனிச்சிறப்பு. தலைமுறை தலைமுறையாக அங்கே இத்தொழிலைக் காத்து வருவோரில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பாய் கைமாறக் கைமாற விலை ஏறுமேயன்றி, நெய்தவர் கூலி அதற்கேற்ப ஏறுவதில்லை. இடையில் நிற்பவர் இன்றி நேரே வாங்குவோரிடம் சேர்க்க இணையம் வழிவிடுகின்றது என்பதே இதன் பெருமை.

வழிவிடுகின்றதே தவிர, கூலியின்றிச் சுமந்து செல்வதில்லை. பொருளின் தரம் நன்றாக இருந்தாலும், இத்தகைய குடும்ப வாணிபங்கள் தளர அனுப்பும் செலவு ஒரு காரணமாகக்கூடும். பெரும்பாலான தனியார் கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பொட்டலத்தின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 90 சென்டிமீட்டர் நீளத்தில், 12 சென்டிமீட்டர் அகலமும் உயரமுமாகச் சுருட்டிக் கட்டிய பாய் ஒரு கிலோவே இருந்தாலும், கணக்கில் ஏறத்தாழ 2.6 கிலோ ஆகிவிடும். 30க்கு 20க்கு 15 சென்டிமீட்டர் பெட்டியில் தென்னை நார்த் தேய்ப்பான்களை அடுக்கினால், கையில் பஞ்சு போலிருப்பது கூரியர்காரருக்கு 1.8 கிலோ! வாங்குபவர் பெட்டியில் அடைபட்ட காற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க விரும்புவாரா?

ஆகவே எதை விற்பது என்று முடிவு செய்யும் முன் அதை எப்படிச் சுருக்குவது என்று பாருங்கள். பீர்க்கங்காய் நாரை அழுத்தித் தட்டையாக்கலாம்; தண்ணீர் பட்டதும் மீண்டும் விரியும். பனையோலைக் கொட்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அளவில் செய்தால் மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கும். தேய்ப்பானைத் தனியே அனுப்பாமல், பூந்திக்கொட்டைத் தூள், பீர்க்கங்காய் நார், துணிப்பை ஆகியவற்றுடன் சேர்த்து ஒரு மாதத்துக்கான கட்டாக விற்பது உத்தமம். பொருள் கைக்கு வந்தபின் பணம் தருவதாகச் சொல்லி, வந்ததும் வேண்டாமெனத் திருப்புவோரும் உண்டு. அப்போது போகவர இரு செலவும் நம் தலையில் விழக்கூடும். அதற்கும் விலையில் சிறிது ஒதுக்கியே ஆக வேண்டும்.

அடுத்த கணக்கு வீட்டுக்குள்ளேயே மறைந்திருக்கின்றது. பூந்திக்கொட்டையை 150 ரூபாய்க்கு வாங்குவதாகவும், உறைக்கும் ஒட்டுச்சீட்டுக்கும் 20 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். விதை நீக்கி, உலர்த்தி, இடித்து, சலித்துப் பொட்டலமிட இல்லத்தரசிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கின்றது. அனுப்பும் செலவு தனி. தூளின் விலை 260 ரூபாய். ‘90 ரூபாய் இலாபம்’ என்று கணவர் மகிழ்வார். மணிக்கு 60 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கூலி போட்டாலும் 120 ரூபாய் ஆகின்றதே! உண்மையில் 30 ரூபாய் நட்டம். அதைச் சொல்லாமல் கொள்ளாமல் தன் உழைப்பிலிருந்து ஈடுகட்டியவர் மனைவி. குடும்பத் தொழில் என்ற அழகிய சொல்லுக்குப் பின்னால் இப்படிக் கரைந்துபோகும் உழைப்பு எவ்வளவு! உழைப்பவர் பெயரிலேயே தொழிலும் வங்கிக் கணக்கும் இருப்பது நன்று. அதற்கு உதவும் ‘உத்யம்’ பதிவுக்கு அரசு கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்கும் தரகரை நாட வேண்டியதில்லை.

வரி விஷயம் பலரை வீணே அச்சுறுத்துகின்றது. தமிழகத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பிறருடைய இணைய அங்காடி வழியே விற்போருக்கு முன்பு இச்சலுகை இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், தம் மாநிலத்துக்குள் மட்டும் அவ்வாறு விற்கும் சிறு வணிகர் ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் கணக்கர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். குளியல் சோப்பு விற்க எண்ணுவோர் அது அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதையும், தயாரிக்க உரிமம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பொருளைப் பற்றி எழுதும் வாசகத்திலும் நிதானம் வேண்டும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பாயின் சிவப்பு நிறம் ஒருகாலத்தில் மரச்சாயத்தால் வந்தது. இன்று செயற்கைச் சாயம் பரவலாகிவிட்டது. அப்படியானால், ‘இயற்கைக் கோரை, பருத்தி நூல், செயற்கைச் சாயம்’ என்று உள்ளபடியே எழுதிவிடுங்கள். பூந்திக்கொட்டைத் தூள் கண்ணில் பட்டால் எரியும், ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும் என்பதையும் உறையின்மீதே குறித்துவிட்டால், பிறகு வரும் மனத்தாங்கல்கள் பாதியாகக் குறையும்.

வட்டிக்குக் கடன் வாங்கித் தொடங்க வேண்டிய தொழில் அன்று இது. இருபது பொட்டலங்களுக்கான சரக்கோடு தொடங்கி, விற்ற பணத்தில் அடுத்த கொள்முதலைச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள். ஈரம் வாங்கிய கோரையும் ஓலையும் பூஞ்சணம் பிடிக்கும். தேவையான சரக்கைப் புரட்டாசிக்குள் வெயிலில் நன்கு உலர்த்தி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வைத்துவிட வேண்டும்.