நான்கு டொலர்க் கடன்

ஒருவருக்குத் தீங்கிழைத்துவிட்டால், "பொறுத்தருள்க" என்று வேண்டுவது ஒன்று. அத்தீங்கினால் விளைந்த நட்டத்தை இறுப்பது வேறொன்று. முன்னையதற்கு நாவசைந்தாற் போதும். பின்னையதற்குக் கையும் அசைய வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கனடா தேசத்து மக்கள் இன்று அளந்துகொண்டிருக்கின்றனர்.

அந்நாட்டுப் பூர்வகுடிச் சிறுவர் ஏறத்தாழ 150,000 பேர், பல தலைமுறைகளாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைகளில் வளர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக அங்கே தண்டனை பெற்றோர் பலர். இக்கொடுமைக்காக 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை முன்வைத்தது. 2021 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆந் திகதி நினைவுநாளாக அனுட்டிக்கப்படுகின்றது. அன்று மக்கள் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மனமிரங்குவோரிற் பலர், நிலம், பொருள் என்ற பேச்செழுந்ததும் முகம் மாறுகின்றனர். "பாட்டன் செய்த பிழைக்குப் பேரன் ஏன் இறுக்க வேண்டும்?" என்பர் சிலர். "இத்தனை காலமும் வாளாவிருந்துவிட்டு இன்று ஏன் கேட்கிறார்கள்?" என்பர் வேறு சிலர். "எம்மைப்போல உழைத்து முன்னேறலாகாதா?" என்பாரும் உளர். இவ்வினாக்களுக்கு விடை காண, ஓர் உடன்படிக்கையின் கதையை நாம் அறிதல் வேண்டும்.

கியூறன், சுப்பீரியர் என்னும் பேரேரிகளின் வடகரையில் வாழ்பவர்கள் அனிசினாபே மக்கள். அவர்களைக் கேளாமலே அந்நிலத்தில் சுரங்கம் தோண்ட அரசு அனுமதி வழங்கியது. வெகுண்ட தலைவர்கள் 1849இல் மைக்கா குடாவிலிருந்த சுரங்கமொன்றைக் கைப்பற்றினர். அதன் பின்னரே அரசு பேச முன்வந்தது. 1850 செப்டம்பரில் வில்லியம் றொபின்சன் என்பவர் முடியின் சார்பிலே இரு உடன்படிக்கைகள் செய்தார். கியூறன் ஏரிக்கரை மக்களுக்கு ஆண்டுக்கு 600 பவுண் வழங்குவதென்றும், நிலத்தின் வருவாய் பெருகி, அரசுக்கு நட்டமின்றிக் கொடுக்க இயலுமாயின் அத்தொகை கூட்டப்படும் என்றும் எழுதப்பட்டது.

வருவாய் பெருகியதா? மரமும், சட்பரியின் நிக்கலும், எலியட் ஏரியின் யுரேனியமும் அந்நிலத்திலிருந்து அள்ளிச் செல்லப்பட்டன. ஆண்டுக்கொடையோ 1875இல் ஆளொன்றுக்கு நான்கு டொலராக உயர்ந்தது. பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ஒரு சதமேனும் கூடவில்லை.

வாளாவிருந்தார்கள் என்பதும் பொருந்தாது. 1927 முதல் 1951 வரை, அரசின் அனுமதியின்றித் தம் உரிமைக்கோரிக்கைகளுக்காகப் பணந்திரட்டி வழக்கறிஞரை அமர்த்துவதே பூர்வகுடிகளுக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. வாயைக் கட்டிவிட்டு, "ஏன் பேசவில்லை?" என்று கேட்பது நீதியாகுமா?

உழைத்து முன்னேறுவதற்கும் முதல் வேண்டுமன்றோ? நம்மிற் பலர் காணியுறுதியை ஈடுவைத்துக் கடை திறந்திருக்கின்றோம், பிள்ளையைப் படிப்பித்திருக்கின்றோம். பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களின் உரித்தோ முடியின் பெயரில் உள்ளது. அந்நிலத்தை ஏனையோரைப்போல வங்கியில் ஈடுவைத்துக் கடன்பெறுதல் அவர்களுக்கு எளிதன்று.

இனி, பாட்டன் பிழை என்னும் வாதத்தை நோக்குவோம். உடன்படிக்கையிற் கையெழுத்திட்டவர் இறந்துபோனார். அவர் யார் பெயரால் வாக்களித்தாரோ, அந்த முடி இறக்கவில்லை. நிலத்தின் வருவாயும் நின்றுவிடவில்லை. பாட்டன் தேடிய காணியை ஏற்கும் பேரன், அக்காணியின் மீதுள்ள கடனையும் ஏற்றல் முறையன்றோ?

கியூறன் உடன்படிக்கைக்குரிய 21 பூர்வகுடிச் சமூகங்கள் 2014இல் வழக்குத் தொடுத்தன. கடந்தகால நட்டத்துக்காக 1,000 கோடி டொலர் கொடுக்கக் கனடா அரசும் ஒன்ராறியோ மாகாண அரசும் 2023இல் இணங்கின. ஆளுக்குப் பாதி அவற்றின் பங்கு. 2024 ஜூலையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், முடியானது தன் வாக்கைக் கேலிக்குரியதாக்கிவிட்டதென்று ஒருமனதாகக் கண்டித்தது. சுப்பீரியர் ஏரிக்கரை மக்களுடனும் இணக்கங்காண ஆறு மாத தவணை விதித்தது.

இஃது எங்கோ தொலைதூரத்து வழக்கு என்று நாம் எண்ணிவிடலாகாது. நம் உற்றார் உறவினர் பல்லாயிரவர் ஒன்ராறியோ மாகாணத்தின் ரொறன்ரோ நகரிலும் அதன் சூழலிலும் வாழ்கின்றனர். அவர்கள் செலுத்தும் வரியும் இக்கொடுப்பனவுக்குச் செல்கின்றது. "நாம் நேற்று வந்தவர்கள், எமக்கு இதில் என்ன பங்கு?" என்ற கேள்வி அவர்கள் இல்லங்களிலும் எழக்கூடும். அந்நிலத்தின் செல்வத்தால் அமைந்த வீதியையும் பாடசாலையையும் மருத்துவமனையையும் நேற்று வந்தவரும் இன்று பயன்படுத்துகின்றாரே! பயனில் பங்குண்டெனில் கடனிலும் பங்குண்டு.

தானங் கொடுப்பவன் தன் மனம்போல அளக்கலாம். பெறுபவனிடம் நன்றியையும் எதிர்பார்க்கலாம். கடனிறுப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. பூர்வகுடிகளுக்குச் சேருவது தானமா, கடனா என்பதிலேயே கனடா மக்களின் மனம் இன்னும் இருகூறாய் நிற்கின்றது. கடன் என்று அவர்கள் மனமார ஏற்கும் நாளிலேதான் 2008இற் கேட்ட மன்னிப்பு முழுமை பெறும்.